ஜப்பானியப் போர் மணமகளின் குடும்ப ஏடு: இதுவரை நடந்த வேலை

ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து எழுதும் இந்த ஏட்டுக்கு உரியவர் 1930-இல் பிறந்தவர். அமெரிக்கப் படைவீரரை மணந்து 1952-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இப்படிப் போன ஜப்பானியப் பெண்கள் 40,000 முதல் 50,000 பேர் என்பது வழக்கமான மதிப்பீடு. அமெரிக்கத் தாள்களில் இவர்கள் கணவரின் குடும்பப் பெயருக்குள் மறைந்துபோகிறார்கள். கிமிகோ ‘கிம்’ ஆகிவிடுகிறார், மிச்சிகோ ‘மிச்சி’ ஆகிவிடுகிறார். ஆகவே முதலில் தேட வேண்டியது அவருடைய பிறந்தவீட்டுப் பெயர். அதுவும் கான்ஜி என்ற, சீனத்திலிருந்து வந்த எழுத்தில் வேண்டும். ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு ஜப்பானில் எதையும் கேட்க முடியாது. ஒரே ஒலிக்குப் பத்துவித எழுத்து உண்டு.

கான்ஜிப் பெயரும் ‘ஹோன்செகி’ எனப்படும் பதிவூரும் தெரிந்தால் கோசெகி என்ற குடும்பப் பதிவேட்டின் நகல் கிடைக்கும். பதிவூர் தெரியாதபோது கைகொடுத்தது அமெரிக்கக் குடிவரவுத் துறை ஒவ்வொரு குடியேறியவருக்கும் வைத்திருக்கும் ஏ-கோப்பு. விசாவுக்காக அன்று கொடுத்த கோசெகி நகலும் மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். அமெரிக்கத் தகவல் அறியும் சட்டப்படி கேட்கலாம். அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று சேர்க்க வேண்டும். பிறந்து நூறாண்டு ஆனவர்களின் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறுகின்றன. 1920-களில் பிறந்தவர்களுடையவை இப்போதுதான் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கின்றன என்பதால் இரண்டு இடத்திலும் கேட்பது நல்லது. 1956 மார்ச் 31-க்குள் குடியுரிமை பெற்றவர் என்றால் கேட்க வேண்டியது சி-கோப்பு எனப்படும் குடியுரிமைக் கோப்பு.

கோப்பில் உள்ள ஊர்ப்பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லாமல் போகலாம். 1953-இல் ஜப்பானில் 9,868 ஊராட்சிகளும் நகராட்சிகளும் இருந்தன, 2010-இல் 1,727. பழைய கிராமம் எந்த நகரத்தோடு இணைந்தது என்று பார்த்து, அந்த நகராட்சிக்கு எழுத வேண்டும். மகன், மகள், பேரப்பிள்ளை என்று நேர் வாரிசுகள் கேட்கலாம். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு அந்த உரிமை அப்படியே கிடையாது. கடவுச்சீட்டு நகல், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றுகள், அவற்றின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு ஆகியவை போக வேண்டும். நடப்பிலுள்ள கோசெகிக்கு 450 யென், மூடிய பழைய ஏடுகளுக்கு 750 யென். பணத்தை ஜப்பானிய அஞ்சலக ஆணையாகக் கேட்பார்கள். அதை வெளிநாட்டில் வாங்க முடியாது என்பதால், வேறு எந்த வழியில் ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் விண்ணப்பத்தில் நேரும் தவறு, ‘கோசெகி ஒன்று’ என்று கேட்பது. கோசெகி ஏடு கணினிக்கு மாறியபோது அதற்கு முன்பே நீங்கியவர்களின் பெயர் புதிய ஏட்டுக்குப் போகவில்லை. ‘பிறப்பு முதல் உள்ள எல்லா ஏடுகளும்’ என்று எழுதினால்தான் தாத்தா தலைமையில் இருந்த பழைய வீட்டேடும் சேர்ந்து வரும்.

படிப்பதுதான் மெதுவான வேலை. தேதிகள் பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டில் இருக்கும்: ஷோவாவுக்கு 1925-ஐக் கூட்ட வேண்டும், தைஷோவுக்கு 1911, மெய்ஜிக்கு 1867. எண்கள் திருத்த முடியாதபடி கோடு மிகுந்த எழுத்துகளில் இருக்கும். பெயரின் மேல் பெருக்கல் குறி கிடந்தால் இறந்துவிட்டார் என்று பதற வேண்டாம். ஏட்டிலிருந்து நீங்கினார் என்பதே அதன் பொருள். 1985-க்கு முன் வெளிநாட்டவரை மணந்த பெண்ணுக்குத் தனி ஏடு திறக்கவில்லை. திருமணக் குறிப்பு பெற்றோர் ஏட்டில் அவர் பெயருக்கு அருகிலேயே இருக்கும். கணவர் பெயர், பிறமொழிப் பெயர்களுக்கான கட்டகானா என்ற ஒலியெழுத்தில். அமெரிக்கக் குடியுரிமை பெற்றதை யாரும் அறிவிக்காவிட்டால், பல ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர்கூட அங்கே இன்னும் அந்த வீட்டு மகளாகவே நிற்பார்.

வயது ஒன்றிரண்டு ஆண்டு முரண்பட்டால் ‘பொய் சொல்லியிருக்கிறார்’ என்று எழுதிவிடக் கூடாது. 1950 வரை பிறந்தவுடன் ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வயது என்று எண்ணும் வழக்கம் இருந்தது. திருமணத் தேதியும் இப்படித்தான். 1945 டிசம்பர் 28-இல் வந்த அமெரிக்கப் போர் மணமகள் சட்டம் ஜப்பானியப் பெண்களுக்கு வழி விடவில்லை. ஜப்பானியர் குடியேறுவதைத் தடுத்த 1924 சட்டத்தின் இனத்தடை அப்படியே நின்றது. 1947-லும் 1950-லும் குறுகிய கால விலக்குகள் வந்தன. 1952 டிசம்பர் 24-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் தடையை நீக்கியது. படை மேலதிகாரியின் அனுமதியும் தேவைப்பட்டது. முதல் குழந்தை பிறந்த பிறகே திருமணம் பதிவாகியிருந்தால் நாம் எழுதும் குடும்ப ஏட்டில் இந்தத் தேதிகளையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். அது இல்லாமல் அந்தப் பக்கத்தைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கணவரின் ராணுவக் கோப்பில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். 1973 ஜூலை 12-இல் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் பற்றிய தீயில் 1912 முதல் 1959 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு எரிந்தது. கடற்படைக் கோப்புகள் தப்பின.

படங்களை 600 டிபிஐ, கட்டைவிரல் அளவுள்ளவற்றை 1200, டிஃப் வடிவில், பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்தாயிற்று. பின்பக்கத்தில் இருக்கும் ஸ்டூடியோ முத்திரை ஊரைச் சொல்லிவிடும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்தால் கிழியாமல் வரும்.

பிள்ளைகளிடம் ‘அம்மா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘அதிகம் பேசமாட்டார்’ என்பதோடு நின்றுவிடுகிறது. ‘அரிசி எங்கே வாங்கினார்?’ என்றால் ஒரு மணி நேரம் ஓடுகிறது. கலிஃபோர்னியாவின் கால்ரோஸ் அரிசி 1948-இல் வந்தது. கிக்கோமன் சோயா சாஸ் ஆலை விஸ்கான்சினில் திறந்தது 1973-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவின் உட்பகுதி ஊர்களில் எதை வைத்துச் சமைத்தார் என்பதற்குத் தனிப்பக்கம் ஒதுக்கியிருக்கிறது.

மிச்சம் இருப்பவை: சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு அவர் கொடுத்த விண்ணப்பம், பெற்றோர் பெயர் அதில் இருக்கும். பிறகு 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 72 ஆண்டு விதிப்படி அது 2032 ஏப்ரலில் திறக்கும். அதற்கான பக்கம் அவருடைய கான்ஜிப் பெயர் மட்டும் எழுதப்பட்டுக் காலியாக இருக்கிறது.