எந்த 'மேட்வில்லனி'யைக் கேட்கிறீர்கள்?

ராப் பாடகர் எம்எஃப் டூமின் 'மேட்வில்லனி' ஆல்பத்தை எங்கிருந்தோ டவுன்லோட் செய்தவர்கள் முதலில் அவர் குரலைக் கவனியுங்கள். துள்ளலாக ராப் செய்தால் அது 2004 வெளியீட்டுக்கு வெகு முன்பே கசிந்த டெமோ (முன்னோட்டப் பதிவு). கசிவுக்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, நிதானமாக மறுபடி பதிவு செய்தார். அந்தச் சோம்பல் குரல்தான் ஆல்பத்தின் உயிரே!

ஆல்பத்துக்கு இசையமைத்த மேட்லிப், பல பீட்டுகளை (ராப்புக்கான பின்னணி இசையை) பிரேசில் ஓட்டல் அறையில் செய்தார்: கையடக்க டர்ன்டேபிள், ரெக்கார்டுகளிலிருந்து இசைத் துணுக்குகளை எடுத்துக் கோக்கும் பாஸ் எஸ்பி-303 சாம்ப்ளர், கேசட் டெக், அவ்வளவுதான். பழைய ரெக்கார்டுகளின் கரகரப்பு அப்படியே இருக்கும், ஹெட்போனில் கோளாறில்லை.

ஆல்பத்தின் 'அக்கார்டியன்' பாட்டு இரண்டே நிமிடம், கோரஸ் கிடையாது. அதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து டூமின் 1999 ஆல்பம் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே'. தம்பி சப்ராக் 1993-இல் இறந்து, இருவரும் இருந்த கேஎம்டி ராப் குழுவை எலெக்ட்ரா இசை நிறுவனம் கைவிட்ட பிறகு, முகமூடியோடு திரும்பி வந்து செய்தது.