ஆரஞ்சு பட்டனில் கறுப்பு எழுத்து

"உன் கணக்கு சரியாவே இருக்கட்டும்ப்பா. என் கண்ணுக்கு வெள்ளைதான் சட்டுனு தெரியுது."

டெஸ்டிங் டீம் அண்ணன் சொன்னது இது. சிவப்பு சரியாகத் தெரியாத குறை அவருக்குப் பிறவியிலேயே உண்டு. யாருக்காக இத்தனை மெனக்கெடுகிறோமோ, அவர்களில் ஒருவர். அவர் பேச்சைத் தாண்டித்தான் கறுப்பு எழுத்தைப் போட்டேன்.

கிளையன்டின் பிராண்ட் ஆரஞ்சில் வெள்ளை எழுத்து வைத்தால் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு விகிதம், 2.94. பார்வைக் குறை உள்ளவர்களும் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைக்கச் சொல்லும் டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிகளின் ஏஏ நிலைக்கு 4.5 வேண்டும். பெரிய எழுத்துக்கு 3 போதும் என்றாலும் அதற்கும் எட்டவில்லை. கறுப்பு வைத்தால் 7.15. ஆரஞ்சையே கொஞ்சம் கருக்கி, வெள்ளை எழுத்தோடு 4.79 வருகிற மாதிரியும் காட்டினேன். செங்கல் மாதிரி இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அப்புறம் கறுப்பைத் தவிர வேறு வழி?

கண்புரை உள்ளவர்கள், மங்கலான போனை வெயிலில் பிடித்துப் பார்ப்பவர்கள் என்று எத்தனையோ பேர் அந்த பட்டனைத் தேடுவார்கள். ஒருவரின் கண்ணை வைத்து எல்லோருக்கும் முடிவெடுக்க முடியாது. இதை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் கான்ட்ராஸ்ட்டைக் கணக்கிடும் அந்த ஃபார்முலாவும் ஒரு சராசரிக் கண்ணை வைத்துத்தானே செய்தது? சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 என்று எடை போட்டு ஒளிர்வைக் கூட்டுகிறது. சிவப்பை உணரும் கூம்புச் செல்கள் சரியாக இல்லாதவருக்குச் சிவப்பு கறுத்துத் தெரியும். எங்கள் ஆரஞ்சு அவருக்கு இன்னும் அடர்த்தியாகத் தெரிந்திருக்கும். வெள்ளை எடுப்பாக நின்றிருக்கும். நான் காட்டிய 2.94 அவர் கண்ணுக்கு 2.94 இல்லை. அவர் சொன்னது வெறும் ரசனை இல்லை என்பது இதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

அன்று நான் சொன்ன பதில், "ஆடிட்ல ஃபெயில் ஆயிடும்ணா." பொய்யில்லை. ஆகத்தான் செய்யும். அவரும் "சரி, போடு" என்று அந்தக் குறைக்கான பதிவை (டிக்கெட்டை) மூடிவிட்டார். கண்புரைக்காரர்களைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்த உறுத்தல் இருக்காதோ என்னவோ. ஆனால் எப்படிப் பேசியிருந்தாலும் பட்டன் அதேதான்.

அடுத்த பேலட்டை, அதாவது வண்ணத் தொகுப்பை, முதலில் அவரிடம் காட்டலாம் என்று நினைக்கிறேன். மறுபடியும் அவர் வெள்ளை என்று சொல்லி, நான் கறுப்பையே போடுவதாக இருந்தால், எதற்காக அவரைக் கேட்கிறேன்?