கடல் இல்லாத நாட்டில் குடியேறினால்

ஆப்பிரிக்காவில் சாம்பியாவின் தலைநகர் லுசாக்காவுக்கு வேலைக்கு வரலாமா என்று ஊரிலிருந்து விசாரிக்கிற தம்பிகள் முதலில் கேட்பது சம்பளம், அடுத்தது மலேரியா. இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு நான் சேர்த்துச் சொல்வது, சாம்பியாவுக்குக் கடல் கிடையாது என்பது. அதை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் இங்கே நடப்பதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

நான் தூத்துக்குடிக்காரன். எங்களுக்குத் துறைமுகம் சைக்கிளில் போய்வருகிற தூரம். இங்கே நான் கணக்கு பார்க்கிற ஹார்டுவேர் மொத்தக் கடைக்கு வரும் பெயின்ட், குழாய், டைல்ஸ் எல்லாம் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இறங்க வேண்டும், இல்லையென்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில். தார் எஸ் சலாமே ஏறக்குறைய 2000 கி.மீ. தள்ளி. லாரி வாடகை, எல்லையில் வரிசையில் நிற்கிற நாட்கள், அந்த நாட்களுக்கான படி, வழியில் உடைந்துபோனது எல்லாவற்றையும் கூட்டினால்தான் அலமாரியில் ஒட்டியிருக்கிற விலை வரும். கடைக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று நம்மவர்கள் சிலர் பேசும்போது எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் அந்தப் பில்களை நான் தினமும் பார்க்கிறேன்.

சாம்பேசி மாதிரி பெரிய ஆறு இருக்கிறதே, அதில் கப்பல் வராதா என்று கேட்கலாம். 1858-ல் ஆங்கிலேயர்களுக்காக இந்தப் பக்கம் வழி தேடிய டேவிட் லிவிங்ஸ்டன் அதே நம்பிக்கையோடு நீராவிப் படகு கொண்டுவந்தார், மொசாம்பிக்கில் கபோரா பாசா பாறைகளில் தண்ணீர் அடித்துக்கொண்டு இறங்குகிற இடத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது. ஆப்பிரிக்காவின் தென்பாதி பெரும்பாலும் மேட்டுநிலம், லுசாக்காவே 1200 மீட்டர் உயரத்துக்கு மேலே இருக்கிறது. (வெயில் நம் ஊர் மாதிரி இருக்கும் என்று நினைத்து ஜூன், ஜூலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிடாதீர்கள்.) அத்தனை உயரத்திலிருந்து இறங்குகிற ஆறுகள் அருவியும் பாறையுமாகத்தான் கடலுக்குப் போகின்றன.

ஆறு கைவிட்ட இடத்தில் ரயில் வந்தது, ஆனால் யாருக்காக வந்தது என்பதுதான் விஷயம். 1905-ல் விக்டோரியா அருவியில் பாலம், 1909-ல் காங்கோ எல்லை வரை தண்டவாளம். எல்லாம் தெற்கிலிருந்து, தாமிரச் சுரங்கத்தை நோக்கிப் போட்டது. இன்றைக்கும் லிவிங்ஸ்டன், லுசாக்கா, கிட்வே என்று பெரிய ஊர்கள் அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே இருக்கின்றன. 1964 அக்டோபர் 24-ல் விடுதலை கிடைத்தபோது நாடு முழுவதும் சுமார் 100 பட்டதாரிகள்தான் இருந்தார்களாம், அதனால்தான் பள்ளிக்கூடங்களுக்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். வயதான சாம்பியர்கள் இப்போதும் நம் வாத்தியார்களைப் பற்றி மரியாதையோடு விசாரிப்பார்கள்.

அடுத்த வருடமே தெற்கே ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. அதையடுத்து அந்த நாட்டின் வழியாக எண்ணெய் வருகிற பாதை அடைபட்டுப்போய், பெட்ரோலையும் டீசலையும் விமானத்தில் பீப்பாய் பீப்பாயாக இறக்கினார்கள். சாம்பியாவின் முதல் ஜனாதிபதி கவுண்டா கடலுக்கு வேறு வழி தேடினார். லாபம் வராது என்று உலக வங்கி கைவிரித்தது, சீனா வட்டியில்லாமல் கடன் கொடுத்தது, 1970-லிருந்து 1975-க்குள் தார் எஸ் சலாமிலிருந்து சாம்பியாவின் காப்பிரி ம்போஷி வரை 1860 கி.மீ. டாசாரா ரயில் பாதை போட்டுவிட்டார்கள். அதை லாப நஷ்டக் கணக்கில் மட்டும் எடைபோடுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அண்டை வீட்டுக்காரன் கதவைச் சாத்தினால் மூச்சு நின்றுவிடும் என்ற நிலையில் இருந்த நாடு அது. பாதை முடிந்த நேரம் பார்த்துத் தாமிர விலை விழுந்ததுதான் பெரிய துயரம், நாடு கடனில் இறங்க ஆரம்பித்தது அங்கேதான்.

இப்போதும் ஏற்றுமதி வருமானத்தில் 70 சதவீதம் அளவுக்குத் தாமிரம்தான். அதன் விலை ஏறி இறங்குகிறபோது இந்த நாட்டுப் பணமான குவாச்சாவும் ஆடும், ஊருக்கு அனுப்புகிற பணமும் ஆடும். அதனால் சம்பளம் டாலரில் பேசுகிறார்களா, குவாச்சாவிலா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் 2018-ல் மூடிய ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் தாய் நிறுவனமான வேதாந்தாதான் இங்கே சிங்கோலா பக்கத்துக் கொங்கோலா சுரங்கத்திலும் இருக்கிறது. இத்தனை தூரம் வந்தும் அதே பெயரைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

மின்சாரமும் இதே கதைதான். 1959-ல் சாம்பேசியின் குறுக்கே கரிபா அணை கட்டியது முக்கியமாகச் சுரங்கங்களுக்காக, அதற்காக 57,000 டோங்கா மக்கள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று, அவர்களில் பலருக்குப் பல பத்தாண்டுகள் அந்த மின்சாரம் கிடைக்கவில்லை. 2024-ல் மழை பொய்த்து அந்த அணையின் ஏரி வற்றியபோது லுசாக்காவில் நாளின் பெரும்பகுதி கரண்ட் இல்லை, எங்கள் தெருவில் எல்லோரும் மரக்கரி அடுப்பில்தான் சமைத்தோம். வீடு பார்க்கும்போது போர்வெல் தண்ணீரும் சோலாரும் இருக்கிறதா என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது மேற்கே அங்கோலாவின் லொபிடோ துறைமுகம் வரை ரயில் போட அமெரிக்காவும் ஐரோப்பாவும் பேசுகின்றன, கிழக்கே டாசாராவைப் புதுப்பிக்கச் சீனா இறங்கியிருக்கிறது. எல்லோருக்கும் வேண்டியது தாமிரம், மறைக்க ஒன்றுமில்லை. தாது ஏற்றிக்கொண்டு போகிற வண்டி திரும்பி வரும்போது உரத்தையும் டைல்ஸையும் குறைந்த வாடகையில் ஏற்றி வருமா, அதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.