அப்பாவின் பிக்கப்புக்கு வேறு என்ஜின்

அப்பாவின் பிக்கப் வண்டி ஒன்பது ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்றது. நான் வண்டி ஓட்டப் பழகியது அதில்தான். அதன் என்ஜினை அப்பா இரண்டு முறை ரீபோர் செய்திருந்தார்; அதாவது தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து அகலப்படுத்தியிருந்தார். நான் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. சிலிண்டர்கள் அமைந்த அந்த பிளாக் இனி உதவாது. பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னவர்களே அதிகம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பின்பக்கம் இடிபட்ட ஒரு வேனிலிருந்து 2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் கிடைத்தது. என்ஜின் எண் மாறினால் பதிவுச் சான்றிதழிலும் மாற வேண்டும். அந்த அனுமதியை வாங்கிய பிறகே ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். அடுத்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் துரு தின்ற இடங்களை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங். பிறகு பிரேக். கூடுதல் வேகம் தரும் என்ஜினைப் பழைய பிரேக்கை நம்பி மாட்டுவது பெரும் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கியர் பாக்ஸ் மட்டும் பழையதாகவே இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அந்த கியர் லீவரின் குமிழ் அப்பாவின் உள்ளங்கையில் தேய்ந்து வழுவழுப்பானது. ஆனால் என்ஜினின் போல்ட் துளைகளும் கியர் பாக்ஸின் துளைகளும் பொருந்தவில்லை. இடையில் 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு செய்து வைக்க வேண்டியிருந்தது. தகடு வந்ததும் கியர் பாக்ஸ் அதே அளவு பின்னுக்குப் போனது. அதன் ஷாஃப்ட் முனை, என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் நடுக்குழியில் அதைத் தாங்கும் உலோக வளையமான புஷ்ஷை எட்டவில்லை. நீளமான வெண்கல புஷ் ஒன்றைக் கடைந்து வாங்கினேன்.

என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே மையத்தில் நிற்கின்றனவா என்று, நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. 0.13 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் கிளட்ச்சும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். முதல் அளவு 0.4. தகட்டை இடத்தில் நிறுத்தும் டவல் பின்னைக் கழற்றி, தகட்டை நகர்த்தி, மீண்டும் இறுக்கி, கிராங்க்கைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே முள்ளைப் பார்த்திருந்தேன். 0.1-க்கு வந்தபோது இருட்டிவிட்டது. தம்பி டார்ச் பிடித்துக்கொண்டு, "அக்கா, போதும், வீட்டுக்குள் வா" என்றான்.

பழைய என்ஜினில் பெட்ரோலையும் காற்றையும் கலந்த கார்புரேட்டருக்கு 0.3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் போனால் போதும். இந்த என்ஜினில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு 3 பார் வேண்டும். அதனால் பம்ப், குழாய், டேங்குக்குத் திரும்பும் வழி எல்லாமே புதிது. ஒயரிங்கைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவாகும்.

முதல் தடவை சாவியைத் திருப்பியபோது ஸ்டார்ட்டர் சோர்ந்துபோய்ச் சுற்றியது. சில நொடிகளில் கருகல் நாற்றம். ஆக்ஸிலரேட்டர் கேபிளின் உறை உருகிக்கொண்டிருந்தது! ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்த என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழிதரும் எர்த் பட்டையை நான் மாட்டவே இல்லை. ஸ்டார்ட்டரின் மின்சாரம் அத்தனையும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. பெட்ரோல் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நடந்தது இது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

புதுக் கேபிளும் தடித்த எர்த் பட்டையும் போட்ட பிறகு, மறுவாரம் என்ஜின் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு இப்போது பார்வை மங்கல். முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "டிக் டிக் என்கிறதே அம்மா" என்றார். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறு நுனியை, சிலிண்டர்களின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரமாக என்னை நகர்த்தச் சொன்னார். மூன்றாவது சிலிண்டருக்கு நேரே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இணைப்பை அடைக்கும் கேஸ்கட்டில் கசிவு.

என்ஜினை அணைத்தேன். அவர் மெல்ல ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கை தானாகவே டாஷ்போர்டுக்குப் போய், குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்தது. கார்புரேட்டர் போய்விட்டதால் அந்தக் குமிழில் இப்போது எதுவும் இணைக்கப்படவில்லை. கழற்ற மனமில்லாமல் விட்டிருந்தேன். "இன்னும் இருக்கிறதா!" என்றார். பிறகு சாவியைக் கேட்டார்.