வின்கிரிஸ்டினுடன் ஆறு சுற்றுகள்

நிணநீர்ப் புற்றுநோய்க்காக எனக்கு 21 நாட்களுக்கு ஒன்றாக ஆறு சுற்று கீமோ தரப்பட்டது. அந்தக் கூட்டு மருந்துகளுள் ஒன்றான வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஆல்கலாய்டு என்று மருத்துவர் சொன்னதுமே, மற்றவற்றைவிட இது உடம்புக்கு இதமாக இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். பார்க்க வந்த உறவினர் சிலர், அந்த இலையையே கஷாயம் வைத்துக் குடித்தால் போதாதா என்றும் கேட்டனர்.

அதை மருத்துவரிடமே கேட்டேன். இலையில் இந்த ஆல்கலாய்டு மிக மிகச் சொற்பம் என்றும், பெரியவர்களுக்கு ஒரு முறைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாத மருந்தை அளவே தெரியாத கஷாயமாகக் குடிப்பது ஆபத்து என்றும் விளக்கினார். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இந்த இலைச் சாறு நீரிழிவுக்கு உதவுமா என்று எலிகளில் சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை. ஊசியாகச் செலுத்தப்பட்ட எலிகளுக்கு வெள்ளையணுக்கள் சரிந்தன. வெள்ளையணுக்களில் தோன்றும் புற்றுநோய்களுக்கு எதிராக இதைத் திருப்பலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது என்பதை அறிந்தபோது, என் நரம்பில் இறங்கும் அந்தச் சிறு பை மீது எனக்கு மரியாதை வந்தது.

முதல் சுற்றிலேயே கடும் மலச்சிக்கலும் தாடை வலியும் வந்தன. மூன்றாவது சுற்றுக்குப் பின் விரல் நுனிகள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைப் போடவே திணறினேன். மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மூன்று வாரம் அதை மறைத்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் தடுப்பதே வின்கிரிஸ்டினின் வேலை. அதே நுண்குழல்களின் வழியாகத்தான் நரம்பிழைகளுக்குள்ளும் பொருட்கள் போய்வருகின்றன. ஆகவே நீளமான நரம்புகள் முடியும் கால், கை விரல்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன. இதைச் சொன்ன மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஐந்தாவது சுற்றிலிருந்து வின்கிரிஸ்டினின் அளவைப் பாதியாக்கி, மற்ற மருந்துகளை அப்படியே தொடர்ந்தார்.

ஆறாவது சுற்றுக்குப் பிந்தைய ஸ்கேனில் கட்டிகள் தென்படவில்லை. விரல்களில் உணர்வு திரும்ப எட்டு மாதங்கள் ஆயின. இடது கால் பெருவிரல் மட்டும் இன்னும் மரத்தே இருப்பதால், வெந்நீரில் கால் வைக்குமுன் கையால் சூடு பார்த்துக்கொள்கிறேன்.