உறையில எழுதின பேர்கள்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு செயலாளர் தம்பி கேட்டவர். பிக் மேட்ச், ஹொஸ்டல் சாப்பாடு எல்லாம் மற்றவை எழுதுவினம். எனக்கு எங்கட பள்ளிக்கூடம் தந்த கையெழுத்து எங்க போய் உதவினது எண்டதைச் சொல்லவேணும் போல கிடக்கு. ரெட்டைக்கோட்டுக் கொப்பியில ஒரு எழுத்து கோட்டைத் தாண்டினாலும் முழுப் பக்கத்தையும் திருப்பி எழுத வைச்ச மாஸ்டரை என்ர வயசுக்காரருக்கு ஞாபகம் இருக்கும்.

1977இல அக்கவுண்டன்சி படிக்க லண்டன் வந்து ஹெண்டன் பக்கம் ஒரு யூத அம்மாவின்ர வீட்டில அறை எடுத்திருந்தனான். ஞாயிற்றுக்கிழமையில அவவின்ர சாப்பாட்டு மேசை முழுக்கத் தபால் உறைதான். சோவியத்தை விட்டுப் போக விசா கேட்டு, இல்லையெண்டு மறுக்கப்பட்ட யூத ஆக்களுக்கு, ரெஃப்யூஸ்னிக் எண்டுறவை, கடிதம் போடுறது. "உன்ர எழுத்து வடிவா இருக்கு, இதைப் பாத்து எழுதுவியோ" எண்டு ரஷ்ய எழுத்தில இருந்த விலாசங்களை நீட்டினா. ஒரு எழுத்தும் விளங்காது, சித்திரம் கீறுற மாதிரித்தான் கீறினன்.

அவ 'தேர்ட்டி ஃபைவ்ஸ்' எண்ட பெண்கள் இயக்கத்தில இருந்தவ. ஒடேசாவில ராய்சா பலாட்னிக் எண்ட 35 வயசு நூலகரைப் பிடிச்சு அடைச்சு வைச்சிருந்த நேரம், 1971இல, கிட்டத்தட்ட அதே வயசுப் பெண்கள் கொஞ்சப்பேர் கறுப்பு உடுப்போட லண்டன் சோவியத் தூதரகத்தடியில போய் நிண்டதில தொடங்கினது, பேரும் அப்பிடி வந்ததுதான். எல்லாம் பிள்ளைகுட்டிக்காரர், சமைச்சு வைச்சுப்போட்டு வாறவை. அங்க விசாவுக்கு மனுக் குடுத்தா வேலை போயிடும், பேந்து வேலை இல்லாமல் இருக்கிறாய் எண்டு அதுக்கே கேஸ் போடுவாங்களாம். அதைக் கேட்ட இரவு எனக்கு நித்திரை வரேல்லை.

"இதுகள் போய்ச் சேருமோ அம்மா" எண்டு ஒருக்காக் கேட்டன். சேராட்டிலும் பரவாயில்லை, உறையை உடைச்சுப் பாக்கிற அதிகாரிக்கு இந்த ஆளை வெளியில தேட ஆக்கள் இருக்கினம் எண்டு தெரியவேணும், அதுக்குத்தான் பேரைப் பிழையில்லாமல் எழுதச் சொல்லுறன் எண்டா.

1978இல அப்பிடி விசா மறுக்கப்பட்ட ஒருத்தரான அனத்தோலி ஷரான்ஸ்கிக்கு 13 வருசம் சிறை போட்டாங்கள். விசா தா எண்டு பல்கனியில பதாகை கட்டின ஐடா நூடலை 4 வருசம் சைபீரியாவுக்கு அனுப்பினாங்கள். 1979இல யூத ஆக்கள் 51,000 பேரளவில வெளிய விட்டவங்கள் பேந்து கதவை இறுக்கிப் பூட்டி, 1986இல ஆயிரம் பேர்கூட வெளிக்கிடேலாமல் போச்சு. ஆனாலும் அந்த வருசம் பெப்ரவரி 11இல ஷரான்ஸ்கி விடுதலையாகி பெர்லினில பாலத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் நடந்து வந்தார், அடுத்த வருசம் நூடலும் இஸ்ரேலுக்கு வந்து சேர்ந்தா. 1987 டிசம்பர் 6, சோவியத் தலைவர் கோர்பச்சேவ் வர முதல்நாள், இந்த ஆக்களை வெளிய விடச் சொல்லி வாஷிங்டனில 250,000 பேர் கூடினதை டிவியில பாத்துப்போட்டு அவவுக்கு ஃபோன் எடுத்தன், ரெண்டு பேராலயும் கதைக்கேலாமல் போச்சு.

ஆனா இதை எழுத வைச்சது 1983 ஆடி. கொழும்பில எங்கட ஆக்களைக் கொழுத்தின செய்தி வந்து, வீட்டில இருந்து ஒரு தகவலும் இல்லாமல் நான் மாடிப்படியில இருக்கேக்க, அவ புதுக் கொப்பி ஒண்டும் பேனையும் கொண்டுவந்து பக்கத்தில இருந்தா. எம்.பி.க்கு எழுதுறதுக்கு முதல் பேர் வேணும், ஒவ்வொண்டாச் சொல்லு எண்டா. சின்னண்ணையின்ர பேரில இருந்து தொடங்கினன். நான் சொல்லச் சொல்ல, எழுத்துக்கூட்டிக் கேட்டுக் கேட்டு எழுதினா.