ஓட முடிஞ்சவன் ஓடிடுறான், பில்லு யார் தலைல?

உலகமயமாக்கல் வந்தா அரசாங்கத்தோட நலத்திட்டமெல்லாம் காலின்னு நானும் ரொம்ப நாளா நம்பிட்டு இருந்தேன். வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கும், கம்பெனிக்காரன் வரியைக் குறைக்கலன்னா வேற நாட்டுக்குப் போயிடுவேன்னு மிரட்டுவான், கஜானா காலியாகும், பென்ஷன்ல கை வைப்பாங்க... கேக்க சரியாத்தானே இருக்கு?

ஆனா டானி ராட்ரிக்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 1998ல கணக்கு போட்டுப் பாத்தா கதை தலைகீழ். எந்த நாடு வெளி வர்த்தகத்தை அதிகமா நம்பி இருக்கோ அங்கதான் அரசாங்கச் செலவும் பெருசா இருக்கு. யோசிச்சா புரியுது, எங்கயோ ஒரு மார்க்கெட் சரிஞ்சா நம்ம வேலை போயிடும்ங்கற நிலமையில, வேலை போனாலும் அடுப்பு எரியும்னு யாராவது உறுதி குடுத்தாத்தான் தொழிலாளி வெளிநாட்டுச் சரக்குக்குக் கதவைத் திறக்க சம்மதிப்பான். டென்மார்க், ஸ்வீடன் எல்லாம் இந்த வழிதான்.

அமெரிக்கால அந்த உறுதி ரொம்ப மெல்லிசு. இறக்குமதியால வேலை போனவங்களுக்குன்னே 1962ல, கென்னடி காலத்துல, ஒரு உதவித் திட்டம் ஆரம்பிச்சாங்க. 2001 டிசம்பர்ல சீனா உலக வர்த்தக அமைப்புல சேந்த பிறகு ஃபேக்டரி ஃபேக்டரியா மூடுனப்போ அந்தத் திட்டம் வழியா போன காசு கொஞ்சம்தான், ஊனமுற்றோர் உதவித்தொகை வழியா போனது அதைவிட அதிகம்னு ஆட்டர், டோர்ன், ஹான்சன்னு பொருளாதார ஆய்வாளர்கள் மூணு பேரும் 2013ல எழுதுனாங்க. அதாவது கொஞ்ச பேர் வேற வேலை தேடறதையே விட்டுட்டாங்க. 2022 ஜூலைல இருந்து அந்தத் திட்டத்துல புதுசா யாரையும் சேக்கறதும் இல்ல.

சரி, உலகமயமாக்கல் வந்தும் பல நாட்டுல நலத்திட்டம் சாகலன்னா காசு எங்கிருந்து வருது? இதுதான் எனக்கு உறுத்துது. லாபம் ஒரு கையெழுத்துல நாடு மாறிடும், சம்பளக்காரனால குடும்பத்தைத் தூக்கிட்டு அப்படி ஓட முடியாது. அயர்லாந்து 2003ல கம்பெனி வரியை 12.5% ஆக்குச்சு, அமெரிக்கா 2018ல 35லிருந்து 21க்கு இறங்குச்சு. நலத்திட்டத்துக்கே உதாரணம் காட்டுற ஸ்வீடன் கூட 2007ல பணக்காரங்க சொத்து மேல போட்ட வரியை எடுத்துடுச்சு, ஆனா வாட், அதாவது சாமான் வாங்கும்போது விலையோட சேத்துக் கட்டுற மதிப்புக் கூட்டு வரி, மட்டும் பொதுவா 25%.

வாட்ல ஒரு சூட்சுமம் இருக்கு. சரக்கு எக்ஸ்போர்ட் ஆனா அந்த வரி திரும்பக் கிடைச்சிடும், இம்போர்ட் ஆகி வர்ற சரக்கு மேலயும் அதே வரி விழும், அதனால போட்டியில அடி படாது. சம்பளத்து மேல முதலாளி கட்டுற காப்பீட்டுப் பணம் அப்படி இல்ல, ஏற்றுமதி விலையோட ஒட்டிக்கிட்டே கப்பல் ஏறும். அதனால அரசாங்கத்துக்குக் கடையில சாமான் வாங்கறவன் தலைல கை வைக்கறதுதான் சுலபம்.

2021ல 130க்கு மேல நாடுகள் கூடி பெரிய கம்பெனிகளுக்குக் குறைஞ்சது 15%னு பேசி முடிச்சாங்க, அயர்லாந்தும் 2024ல இருந்து அவங்களுக்கு மட்டும் 15க்கு வந்துடுச்சு. லாபத்து மேல 15, சாமான் மேல 25, ரெண்டையும் ஒரே தராசுல வைக்கக் கூடாதுதான், ஒத்துக்கறேன். இருந்தாலும் அந்த 15க்கே இத்தனை வருஷப் பேச்சு, வாட் ஏத்த எந்த நாடும் இன்னொரு நாட்டைக் கூப்பிட்டுக் கேக்க வேண்டியதே இல்ல.